சபார்ஸ்கி காப்பி இல்லம்

சபார்ஸ்கி காப்பி இல்லம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில், நோயா கேலரி அருங்காட்சியகத்தின் தரைத்தளத்தில் அமைந்த வியன்னா பாணிக் காப்பி இல்லமாகும். ஐந்தாம் அவென்யூவும் 86ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், 1914இல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகையில் இது உள்ளது. அருங்காட்சியகம் 2001 நவம்பரில் திறக்கப்பட்டது.

வியன்னா மரபு

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் காப்பிக்கடை நடத்த 1685இல் யோகன்னஸ் தியோதாத்தோ என்னும் ஆர்மீனிய வணிகர் அனுமதி பெற்றார். பின்னர் அந்நகரில் ஒரு தனிப் பழக்கம் வேரூன்றியது. ஒரு கோப்பை காப்பி வாங்கியவர் மணிக்கணக்கில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கலாம், எழுதலாம், சதுரங்கம் ஆடலாம்; அவரை எழுந்து போகும்படி யாரும் சொல்வதில்லை. காப்பி சிறு உலோகத் தட்டில், ஒரு குவளைத் தண்ணீருடன் பரிமாறப்படும். எழுத்தாளர்களும் ஓவியர்களும் இங்கே கூடினர். அவர்களில் பலர் யூதர்கள். 1938இல் நாசி செருமனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபின் அவர்களில் பலர் நாட்டை விட்டு வெளியேறினர், பலர் கொல்லப்பட்டனர். வியன்னாவின் காப்பி இல்லப் பண்பாடு 2011இல் ஆஸ்திரியாவின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பெயர்க் காரணம்

செர்ஜ் சபார்ஸ்கி 1912இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் அந்நகரை விட்டு வெளியேறி, அடுத்த ஆண்டு நியூயார்க் வந்தார். 1968இல் ஆஸ்திரிய, செருமானிய ஓவியங்களுக்கெனக் கலைக்கூடம் தொடங்கினார். நண்பர் ரொனால்ட் லாடருடன் சேர்ந்து அருங்காட்சியகம் அமைக்கத் திட்டமிட்டார். ஆனால் 1996இல் காலமானார். லாடர் பணியை முடித்து, காப்பி இல்லத்துக்கு நண்பரின் பெயரைச் சூட்டினார்.

உள்ளமைப்பு

விளக்குகள் யோசப் ஹாஃப்மனின் வடிவமைப்பு. நாற்காலிகளும் மேசைகளும் அடோல்ஃப் லூசின் வடிவமைப்பு. இருக்கைகளில் ஓட்டோ வாக்னர் 1912இல் வடிவமைத்த துணி போர்த்தப்பட்டுள்ளது. மூவரும் வியன்னாவின் கட்டடக் கலைஞர்கள். கூடத்தில் உள்ள பியானோவும் வியன்னாவின் போசென்டோர்ஃபர் நிறுவனத்தினுடையது.

காப்பியும் இனிப்புகளும்

மெலாஞ்ச் என்பது நுரைத்த பால் சேர்த்த காப்பி. ஐன்ஷ்பேனர் என்பது கண்ணாடிக் குவளையில், மேலே கெட்டியாக அடித்த கிரீம் இட்ட பால் சேர்க்காத காப்பி. கிரீம் மூடியிருப்பதால் சூடு எளிதில் ஆறாது.

சாகர் டோர்ட்டே என்பது ஆப்ரிகாட் பழக்கூழ் தடவி, சாக்லேட்டு மூடிய கேக்கு. 1832இல் அமைச்சர் மெட்டர்னிக்கின் விருந்துக்காகப் பயிற்சியாளர் பிரான்ஸ் சாகர் இதை உருவாக்கியதாகக் கூறப்படுகிறது. ஆப்பிளும் உலர்திராட்சையும் இலவங்கப்பட்டையும் வைத்துச் சுருட்டிய ஸ்ட்ரூடலின் மாவு, தாள்போல மெல்லியதாகக் கையால் இழுக்கப்படுகிறது. கொட்டைப் பருப்பு மாவில் பழக்கூழ் வைத்து, மேலே வலைபோல மாவுப் பட்டைகள் இடப்படுவது லின்சர் டோர்ட்டே.

வியன்னாவின் அறைக்கலன்களையும் இனிப்புகளையும் கொண்டுவர முடிந்தாலும், அங்குள்ள அவசரமின்மையை நியூயார்க்கில் முழுமையாகக் காண்பது அரிது. வார இறுதிகளில் வாசலில் வரிசை நீள்வது வழக்கம். கூட்டத்தைச் சமாளிக்கக் கீழ்த்தளத்தில் ஃபிளெடர்மவுஸ் என்னும் மற்றொரு காப்பி இல்லமும் தொடங்கப்பட்டது.