யார் இங்கே சீனியர்?

கடந்த ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரம். நான் அப்போதுதான் இரண்டாம் ஆண்டுக்குப் போயிருந்தேன். எங்கள் தமிழ் மாணவர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. சீனியர் யாராவது அறைக்குள் வந்தால் ஜூனியர்கள் எழுந்து நின்று பெயர், ஊர், படிப்பு மூன்றையும் சொல்ல வேண்டும். முதலாண்டில் நானும் அப்படி நின்றவன்தான். அதனால் என் முறை வந்தபோது கொஞ்சம் விறைப்பாகவே உள்ளே நுழைந்தேன்.

எல்லாரும் எழுந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, அந்த அனுபவத்தைக் கொண்டு பட்டப்படிப்பில் சேர்ந்தவர். என் அம்மாவைவிட மூத்தவர். அவருக்கு முழங்கால் வலி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. “வணக்கம், சீனியர்” என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். லத்தீன் மொழியில் ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர். அதிலிருந்து வந்த ‘செனியோர்’ என்பதற்கு ‘இன்னொருவரைவிட வயதில் கூடியவர்’ என்று பொருள். ஒப்பிட்டுச் சொல்லும் சொல் அது. ‘ஜூனியர்’ என்பதும் அப்படித்தான். இளையவரைக் குறிக்கும் ‘யுவெனிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. எதிரில் இன்னொருவர் இல்லாமல் யாரும் சீனியராக முடியாது.

பழைய ரோமாபுரியின் ‘செனட்’ முதியோர் அவை என்ற பொருளில் பெயர் பெற்றது. நம் நாட்டு மேலவை உறுப்பினரைச் செனட்டர் என்கிறோமே, அதற்கும் வேர் இதுதான். ஆனால் செனட்டராவதற்கு 30 வயது நிரம்பினால் போதும் என்கிறது நம் அரசமைப்புச் சட்டம். வயதைச் சொன்ன சொல், பதவியின் பெயராகிவிட்டது. நாம் தினமும் சொல்லும் ‘சார்’ கூட இதே சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்த் தேய்ந்து வந்ததுதான். 26 வயது பயிற்சி ஆசிரியரைச் ‘சார்’ என்று அழைக்கும்போது, மூலப் பொருளில் ‘பெரியவரே’ என்றுதான் அழைக்கிறோம்!

மலாய் மொழியும் இதே பாதையில் போயிருக்கிறது. ‘துவா’ என்றால் முதுமை. ‘ஓராங் துவா’ என்றால் பெற்றோர். அதே ‘துவா’விலிருந்து பிறந்ததுதான் தலைவரைக் குறிக்கும் ‘கெத்துவா’. தொடக்கப்பள்ளியின் ‘கெத்துவா டார்ஜா’வுக்குப் பத்து வயதுதான் இருக்கும்!

தமிழிலும் ‘மூப்பு’ முதுமையைக் குறிக்கிறது. ‘மூத்த பிள்ளை’ என்பவனுக்கோ இரண்டு வயதாக இருக்கலாம். தம்பி பிறந்த அன்றே அவன் மூத்தவனாகிவிடுகிறான். சிங்கப்பூரில் ‘மூத்த அமைச்சர்’ என்று ஒரு பதவியே உண்டு.

மூன்று மொழிகளிலும் ஏன் இப்படி? வயதில் கூடியவர் அதிகம் பார்த்தவர், அதனால் வழிகாட்டத் தெரிந்தவர் என்ற நம்பிக்கைதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அப்படியானால் ஓராண்டு முன்னால் வந்த எனக்கு என்ன தெரியும்? நூலகத்தில் எந்த அச்சு இயந்திரம் அடிக்கடி மக்கர் செய்யும், எந்தப் பாடத்துக்கு முன்கூட்டியே பதிய வேண்டும் என்பதெல்லாம் தெரியும். அதைச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் நான் சீனியர். எழுந்து நிற்கச் சொல்வதற்கு அல்ல.

அடுத்த கூட்டத்தில் இந்த வழக்கத்தை விட்டுவிடலாம் என்றேன். “நாங்கள் மட்டும் நின்றோமே?” என்று கேட்டார்கள் நண்பர்கள். நியாயமான கோபம்தான். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த ஆண்டு வாசலில் நின்றவர்கள் நாங்கள். முதலில் பெயர், ஊர், படிப்பு சொன்னவர்களும் நாங்களே.

பின்வரிசையில் எழுந்து நின்றவரை இப்போது அக்கா என்றுதான் அழைக்கிறேன். உணவகத்தில் அவருக்கு நான் ‘தம்பி’. கணினி அறையில் ஏதாவது சிக்கிக்கொண்டால் மட்டும், “சீனியர், கொஞ்சம் இங்கே வாங்க” என்பார். இரண்டுமே சரியான அழைப்புதான்.