நாற்பதுக்கு மேல் மின்பணி கற்போர் அறிய வேண்டியவை

ஆலை மூடப்பட்டதாலோ வியாபாரம் நொடித்ததாலோ, நாற்பது பிராயத்தைக் கடந்தபின் வயரிங் வேலை கற்றுச் சொந்தமாகத் தொழில் நடத்த முனைவோர் தமிழ்நாட்டில் பலர் உண்டு. அவர்களுடைய துணிவு போற்றத்தக்கதே. ஆயினும், கை பழகிய மாத்திரத்தில் சட்டப்படியான தகுதியும் வந்துவிட்டதாகக் கருதிவிடுவது அவர்களைப் பேரபாயத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

பழைய ஸ்விட்சையோ பியூஸையோ மின்விசிறியையோ அதே அளவில் மாற்றிக் கொடுக்க உரிமம் தேவையில்லை. ஆனால் புதிய லைன் இழுப்பதும், இருப்பதை விஸ்தரிப்பதும், மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலமாகத் தகுதிச் சான்றுடைய ஒருவரின் நேர் மேற்பார்வையிலேயே நடைபெற வேண்டிய காரியங்கள். இவ்வெல்லையை மீறித் தனியே வேலை ஏற்றவர், பின்னொரு நாள் அவ்வீட்டில் தீப்பற்றினால், தம் வேலையில் பிழையில்லை என்று நிரூபிக்க எந்த ஆதாரமுமின்றித் தவிக்க நேரும்.

சான்று பெற வயது தடையன்று. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு 21 வயது என்ற கீழ்வரம்பு உண்டேயன்றி மேல்வரம்பு கிடையாது; வயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமே முக்கிய நிபந்தனை. குடும்ப பாரம் தோளில் உள்ளவருக்கு இது நீண்ட காலந்தான். ஆகையால், ஒப்பந்ததாரரிடம் சேர்ந்த நாள் முதலே வேலை நடந்த இடத்தையும் தேதியையும் குறித்துவைத்து, ஆண்டுதோறும் அனுபவச் சான்றை அவரிடம் எழுத்தில் வாங்கிவிடுவது விவேகம். அவர் தொழிலை விட்டபின் அலைவதில் பயனில்லை. அனுபவமின்றிச் சில வாரங்களில் உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

உடலுக்கு நேரும் அபாயம் வேறு. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதென்று தைரியங்கொள்வோர், ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அது காப்பாற்றாது என்பதை அறியவேண்டும். மெயினை நிறுத்தி, டெஸ்டரால் சோதித்த பிறகே கம்பியைத் தொடுதல் வேண்டும்.

கட்டடங்களில் மின்வேலை செய்பவர் 60 வயதுக்குள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொண்டால் விபத்து உதவியும், அவ்வயது நிரம்பியபின் ஓய்வூதியமும் கோரலாம். ஜீவனத்துக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கும் கருவிகளை வணிக நோக்கில் வாங்கியவையாக 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கருதுவதில்லை. ஆகவே டிரில்லிங் மெஷின் பழுதென்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். அதே சட்டப்படி, குறையுள்ள வேலைக்கு வீட்டுக்காரர் நம்மீதும் புகார் செய்யலாம். செய்த வேலைக்குக் கூலி தராதவர்மீது சிவில் வழக்குத் தொடர 3 ஆண்டு அவகாசம் உண்டு. வேலை தொடங்குமுன் கையொப்பத்துடன் வாங்கிய எஸ்டிமேட் ஒரு தாளாவது இருந்தால் அவ்வழக்குக்கு வலு மிகுதி.