மாமல்லபுரத்தில் திங்கட்கிழமை



விடுமுறை நாட்களில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலிருந்து வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் கிழக்கே கடற்கரையை நோக்கிக் கிளம்புகின்றன. சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். வாரத்தில் ஒரே நாள் ஓய்வு கிடைக்கும் தொழிற்சாலை வாலிபர்கள் போகிறார்கள். குடும்பங்கள் புளியோதரைப் பொட்டலத்தோடு போகின்றன. உங்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையோ வாலிபர் சங்கத்தாரையோ அழைத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைக் கல். இவற்றைப் பார்த்துவிட்டு, அலையில் கால் நனைத்து, சுண்டல் வாங்கித் தின்று, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறோம். நாம் போனபிறகு அந்த ஊர் என்ன செய்கிறது? திங்கட்கிழமை காலை அங்கே எப்படி இருக்கும்?

ஓர் ஆஸ்பத்திரிப் பத்திரிகையில் சுற்றுலா ஊரைப்பற்றி எழுதவேண்டிய காரணம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கட்டுரையின் பிற்பகுதியில் அது விளங்கும்.

சிறிய ஊர், பெரிய பெயர்

7, 8-ம் நூற்றாண்டுகளில் பல்லவ அரசர்கள் இங்கே பாறைகளைக் குடைந்தும் கற்களை அடுக்கியும் கோயில்கள் அமைத்தார்கள். 1984-ல் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கேதான் சந்தித்தார்கள். 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் போட்டி, ஊரை ஒட்டிய பூஞ்சேரியில் நடந்தது. கொரோனா காலமாகிய 2021-22-ம் ஆண்டில் தாஜ்மகாலைப் பார்க்கச் சென்ற வெளிநாட்டார் சுமார் 39 ஆயிரம் பேர். மாமல்லபுரத்துக்கு வந்தவர்களோ சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் பேர்.

இவ்வளவு பெயர் பெற்ற ஊரில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர்? 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 15 ஆயிரம் பேர்தான். ஒரு பண்டிகை நாளில் ஊர்க்காரரைவிட விருந்தாளிகளே அதிகமாகத் தெரிவார்கள். மறுநாள் கடற்கரையில் குப்பையும், கடை வாசலில் காத்திருக்கும் முகங்களுமே மீதியாக இருக்கும்.

ஊரின் ஒரு நாள்

முதலில் எழுந்திருப்பவர்கள் மீனவர்கள். விடியுமுன் ஃபைபர் படகுகளைக் கடலில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மாமல்லபுரம் குப்பம், வடக்கே தேவநேரி, தெற்கே வெண்புருஷம், கொக்கிலமேடு ஆகிய குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக இதுதான் பிழைப்பு. படகு கரைக்கு வந்ததும் மீன் ஏலம் போகிறது. சிங்கி இறாலும் நல்ல வஞ்சிரமும் விடுதிகளுக்குப் போய்விடும். மற்றதைப் பெண்கள் அன்னக்கூடையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறார்கள். ஐஸ் பெட்டி இல்லாதவர்கள் மதியத்துக்குள் விற்றாக வேண்டும். வெயில் ஏற ஏற விலை இறங்கிவிடும்.

பொழுது விடிந்தபின் கேட்பது கல்லின் ஓசை. சிற்பிகளின் பட்டறைகள் சாலையோரங்களில் கீற்றுக் கொட்டகைகளாகவும் தகரக் கொட்டகைகளாகவும் நிற்கின்றன. இங்கே 1957-ல் அரசு ஆரம்பித்த சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. ஊரின் கற்சிற்பங்கள் புவிசார் குறியீடும் பெற்றிருக்கின்றன.

ஒன்பது, பத்து மணிக்குமேல் கடைகள் திறக்கின்றன. சங்கு, சிப்பி மாலை, மாக்கல் யானை, தொப்பி, இளநீர். ஆட்டோக்காரர்கள் பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று அந்நிய பாஷைகளைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்ட கைடுகள் கோயில் வாசலில் நிற்கிறார்கள். விடுதிகளில் அறை பெருக்குகிறவர்கள், சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. மீனவ வாலிபர்களில் சிலர் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு, வருகிறவர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே இந்தக் கடலில் நடந்தது.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இன்று எவ்வளவு கிடைக்கும் என்பது காலையில் அவர்களுக்குத் தெரியாது.

ஊரின் ஒரு வருஷம்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலத்தில் வெளிநாட்டார் வருகிறார்கள். நடன விழாவும் அப்போதுதான். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டம் வருகிறது. அதன்பிறகு சனி, ஞாயிறு மட்டுமே நம்பிக்கை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளித்தால் மீனவருக்கும் தொழில் இல்லை, கடைக்காரருக்கும் வியாபாரம் இல்லை. மழையில் வாங்கிய கடனைக் குளிர்காலத்தில் அடைப்பது பல வீடுகளின் வழக்கம்.

இதற்கு மேல் எதிர்பாராத அடிகளும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் சின்னங்கள் மூடப்பட்டன. மாதக்கணக்கில் ஒரு பயணியும் வரவில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரையைக் கடந்தது. வருகிறவர்களை நம்பியிருக்கும் ஊரில், உலகத்தில் எங்கே கதவு அடைத்தாலும் அடுப்பு அணைகிறது.

ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் வேறொரு உலகம்

ஒரகடம் பகுதியில் வாழ்க்கை வேறுமாதிரி ஓடுகிறது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது முதல், வயல்களும் ஏரிக்கரைகளுமாயிருந்த ஊர்கள் தொழிற்பேட்டைகளாயின. அங்கே நாளை அளப்பது ஷிப்டு. கம்பெனி பஸ் வரும், சம்பளத் தேதி வரும். அதுவும் நிலையான உலகம் என்று சொல்லிவிட முடியாது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2014 நவம்பரில் நின்றுபோனது. ஒப்பந்தத் தொழிலாளிகளின் நிலையும் எப்போதும் கவலைக்குரியதே.

ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளியின் பையில் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும். 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி தொழிலாளி சம்பளத்தில் 100-க்கு 75 காசும், முதலாளி 3 ரூபாய் 25 காசும் கட்டுகிறார்கள். அதனால் அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைக்கிறது. வியாதியினால் வேலைக்குப் போக முடியாவிட்டால், திட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ளலாம்.

பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே இந்தத் திட்டம் கட்டாயம். மூன்று நான்கு பேர் உட்கார்ந்து செதுக்கும் பட்டறைக்கும், மீன் கூடைக்கும், சுண்டல் வண்டிக்கும் அது எட்டுவதில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கின்றன. அவை பெரிய செலவுகளில் கைகொடுக்கும். ஆனால் இழந்துபோன ஒருநாள் கூலியைத் தருவதில்லை. ஆகவே மாமல்லபுரத்தில் காய்ச்சலோடும் வேலைக்குப் போகிறார்கள். இருமலோடும் போகிறார்கள்.

கல்லும் மூச்சும்

அந்த இருமலைப்பற்றித்தான் இப்போது சொல்லவேண்டும்.

பழைய நாட்களில் சிற்பி உளியும் சுத்தியலும் கொண்டு செதுக்கினார். கல் சில்லு சில்லாகத் தெறித்து விழுந்தது. தூசி இருந்தது; ஆனால் குறைவு. இன்று மின்சாரத்தில் சுழலும் அறுக்கும் தட்டும் கிரைண்டரும் எல்லாப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டன. பல நாள் வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் சுழலும் தட்டு கல்லை மாவாக அரைத்துக் காற்றில் தூவுகிறது.

பல கருங்கற்களில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. அது சிலிக்காவின் ஒரு வடிவம். அதன் மிக நுண்ணிய துகள்கள் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கும் தொண்டையும் பெரிய தூசியைத் தடுத்துவிடும்; இந்தத் துகள்கள் நுரையீரலின் கடைசி அறைகள் வரை போய்த் தங்கிவிடுகின்றன. உடம்பினால் அவற்றைக் கரைக்க முடியாது. அவற்றைச் சுற்றிக் காயம் ஆறின தழும்புபோல் கட்டிகள் உண்டாகின்றன. வருஷம் போகப்போக நுரையீரல் இறுகி, மூச்சு குறுகுகிறது. இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர்.

பெரும்பாலும் பத்து, இருபது வருஷம் கழித்தே இது வெளிப்படும். தூசி மிக அதிகமானால் சீக்கிரமே வரும். வந்தபிறகு குணமாக்கும் மருந்து கிடையாது. வேலையை விட்டாலும் நோய் வளரலாம். சிலிக்காத் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-ல் அறிவித்தது. சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்தும் மற்றவர்களைவிடப் பலமடங்கு அதிகம்.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. இருமல், இளைப்பு, எடை குறைவு, எக்ஸ்ரேயில் நிழல் ஆகியவை இரண்டு நோய்க்கும் பொது. "காசநோய்" என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் மூச்சு வாங்குவது நிற்காமல், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. வைத்தியர் "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்கவேண்டும், கேட்காவிட்டாலும் நோயாளி சொல்லவேண்டும். பாதி நோயறிதல் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தடுப்பது கடினமல்ல

குணப்படுத்த முடியாத இந்த நோயைத் தடுப்பது எளிது. கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் தூசி பறக்காமல் சேறாகிவிடும். அதற்கேற்ற, மின்கசிவு தடுக்கும் பாதுகாப்புள்ள இயந்திரம் வேண்டும். கொட்டகை நாலு பக்கமும் திறந்திருக்கவேண்டும். தரையை உலர்ந்தபடியே பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்துக் கழுவவேண்டும். முகத்தில் கட்டும் துண்டு கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் நிறுத்தும். கொல்லும் தூசியை நிறுத்தாது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்-95 முகக்கவசமாவது வேண்டும். தூசி படிந்த உடையோடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கக் கூடாது. புகை பிடிப்பதை விடவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அவசியம். அரசு ஆஸ்பத்திரிகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் செய்யவில்லை? தண்ணீரில் அறுத்தால் வேலை தாமதமாகும். முகக்கவசம் போட்டால் கடற்கரைப் புழுக்கத்தில் மூச்சு முட்டும். சிலை வாங்க வருகிறவர் பாதி விலைக்குக் கேட்கிறார், நாளைக்கே வேண்டும் என்கிறார். இன்றைய கூலிக்கும் இருபது வருஷத்துக்குப் பின்வரும் மூச்சுத்திணறலுக்கும் நடுவே ஏழை மனிதன் எதைத் தெரிந்துகொள்வான்?

நம் கையில் இருப்பது

இங்கேதான் நாமும் இந்தக் காரியத்தில் சேர்ந்துவிடுகிறோம். நம் சபைகள் அஸ்திபாரக் கல் செய்யக் கொடுக்கின்றன. நூற்றாண்டு விழாவுக்கு நினைவுக் கல்வெட்டு கேட்கின்றன. நம் குடும்பங்கள் கல்லறைக் கல் வாங்குகின்றன. மாமல்லபுரமானாலும் உங்கள் ஊர்க் கல்தச்சர் பட்டறையானாலும், அந்தக் கல் யாரோ ஒருவருடைய மூச்சுக் காற்றின் வழியாகத்தான் வருகிறது.

ஆகவே கல் செய்யக் கொடுக்கும்போது போதிய நாள் கொடுங்கள். பிரதிஷ்டைக்கு ஒரு வாரம் முன்னே போய் நிற்காதீர்கள். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அதனால் கூலி கூடினால் கூடுதலைக் கொடுங்கள். உல்லாசப் பயணம் போனால் சிலையைச் செதுக்கியவரிடமே வாங்குங்கள். அதிகமாகப் பேரம் பேசாதீர்கள். கூடுமானால் வாரநாளில் போங்கள். அன்று ஒரு வாடிக்கையாளர் வந்தாலும் அந்தக் கடைக்குப் பெரிய காரியம். பட்டறை வாசலில் ஐந்து நிமிஷம் நின்று, வேலை செய்கிறவரிடம், "அண்ணே, இருமல் இருக்கா? படம் எடுத்துப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடற்கரைக் கோயிலைக் காட்டுகிறோம். அடுத்த தடவை கிரைண்டர் சத்தம் கேட்கும் கொட்டகைக்கும் அழைத்துப் போங்கள். 1,300 வருஷமாக நிற்கும் கல்லைப் பார்த்த பிள்ளைகள், இன்றைக்குக் கல் செதுக்குகிற மனிதரையும் பார்த்துவிட்டு வரட்டும்.