வேலி இல்லாத நீர்

சிவகாசியிலோ, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலோ பட்டாசு ஆலை ஒன்றை நிறுவ எண்ணுகிறவர், மருந்தைப் பற்றியும் ஆட்களைப் பற்றியும் யோசிப்பதற்கு முன்பே தூரத்தைப் பற்றி யோசித்தாக வேண்டும். மருந்து கலக்கும் அறைக்கும் செலுத்தும் அறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, அங்கிருந்து குடோனுக்கு எவ்வளவு, குடோனிலிருந்து ஊர்ச் சாலைக்கு எவ்வளவு, ஓர் அறைக்குள் எத்தனை பேர், அந்த அறையின் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பவையெல்லாம் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் வகுக்கப்பெற்ற 2008-ஆம் ஆண்டு விதிகளில் அடங்கியிருக்கின்றன. அவற்றுக்கு இணங்க வரைபடம் எழுதி ஒப்புதல் பெறாமல் லைசென்ஸ் கிடையாது. இந்த விதிகளுக்குள்ளே பெரியதொரு விவேகம் உண்டு. எவ்வளவு தேர்ந்த தொழிலாளியும் ஏதோ ஒரு கணத்தில் தவறக்கூடும், அந்தத் தவற்றின் விளைவு ஓர் அறையோடு நின்றுவிட வேண்டும் என்று மனித சுபாவத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு, ஜாக்கிரதை என்னும் குணத்தை மட்டும் நம்பாமல், சுவரையும் வெளியையும் நம்பி எழுதப்பட்டவை அவை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்ட நாளில், அந்த விவேகத்தைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதை இந்த ஜில்லா கண்ணீரோடு கண்டது.

நெருப்புக்கு இத்தனை கணக்குப் பார்க்கும் இதே மண்ணில் நீருக்குக் கணக்குப் பார்ப்பவர் இல்லை. காரணமும் விளங்காததன்று. இது வானம் பார்த்த கரிசல் பூமி. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் வருஷத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. கண்மாயும் ஊருணியும் நிறைந்தால் ஊரே மகிழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு வரும். ஆகையால் தண்ணீரை இங்குள்ளோர் செல்வமாகக் கருதினார்களேயொழிய அபாயமாகக் கருதவில்லை. கோடை விடுமுறையில் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையையோ பிற்காலத்தில் பிளாஸ்டிக் கேனையோ கட்டிக்கொண்டு, மாமனோ சித்தப்பாவோ கரையில் நின்று காவல் காக்க நீந்தப் பழகிய தலைமுறைகள் இங்கே பல. கமலை போய்ப் பம்புசெட்டு வந்து, அதுவும் போய் ஆழ்துளைக் கிணறு வந்தபின், பழைய கிணறுகள் பல கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கின்றன. கல்குவாரிக் குழிகளில் மழைநீர் ஆழந் தெரியாமல் தேங்கி நிற்கிறது. வசதியுள்ளோர் வீடுகளிலும் மேற்கே மலையடிவாரத் தோப்புகளிலும் நீல ஓடு பதித்த நீச்சல் குளங்கள் தோன்றத் தொடங்கியிருக்கின்றன. குளம் கட்டுகிறவர் ஆழத்தையும் ஓட்டின் நிறத்தையும் விளக்கையும் வடிகட்டியையும் பற்றி எத்தனையோ கேள்விகள் கேட்கிறார். வேலியைப் பற்றிக் கேட்பது அபூர்வம்.

உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. நம் தேசத்தில் 2022-இல் இவ்வாறு இறந்தவர்கள் 38,000-க்கும் அதிகம் என்பது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. நடை பழகிய குழந்தைக்கு உடலின் மற்ற பாகங்களை நோக்கத் தலையின் கனம் மிகுதி. எட்டிப் பார்க்கையில் தலைகுப்புற விழுந்தால், அந்தத் தலையை மீண்டும் உயர்த்தும் வலிமை அதன் கைகளுக்கு இராது. அதனால்தான் குளமே வேண்டாம், அரை வாளித் தண்ணீரே அதற்கு ஆபத்தாகிவிடுகிறது. மூழ்குகிறவர் கைகளை வீசிக் கூச்சலிடுவார் என்று சினிமா நமக்குக் கற்பித்திருப்பது பெரும்பாலும் பொய். வாய் நீருக்கு மேலே வரும் அந்த அரை நொடி மூச்சு வாங்கவே போதாதபோது, கூவுவதற்கு மூச்சு எங்கிருந்து வரும்? சத்தமின்றியே அது நடந்து முடிகிறது; பிராணவாயு கிடைக்காமல் 4 முதல் 6 நிமிஷங்கள் சென்றால் மூளை சேதமடையத் தொடங்குகிறது. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு ஆகும் நேரம் அது.

கரையேற்றிய குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊர்களில் இன்னும் வழக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் தீங்கானவை, வயிற்றிலுள்ள நீர் மேலேறி நுரையீரலுக்குள் புகுவதற்கே அவை வழிவகுக்கும். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதி, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்து, அதன்பின் மார்பின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு என்ற கிரமத்தில், 108 வண்டி வந்து சேரும்வரை இடைவிடாமல் தொடர வேண்டும் என்பதே இன்றைய வைத்திய சாஸ்திரத்தின் முடிவு.

“நாங்கள் எப்போதும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்” என்று பெற்றோர் சொல்வார்கள். அவர்கள் அன்பில் ஐயமில்லை. ஆனால் மருந்து அறையில் நாம் ஏற்றுக்கொண்ட நியாயம் இங்கேயும் செல்லுபடியாக வேண்டும்: கண் அயரும், சுவர் அயராது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு மிகவும் தெளிவானது. மனையைச் சுற்றி மூன்று பக்கம் வேலியும் நான்காம் பக்கம் வீடுமாக அமைந்த குளத்தைவிட, நான்கு பக்கமும் தனியே வேலியிட்டுப் பிரிக்கப்பட்ட குளத்தில் குழந்தைகள் மூழ்கும் அபாயம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. குழந்தை தெருவிலிருந்து வருவதில்லை; வீட்டின் பின்கதவு வழியாகத்தான் வருகிறது. காம்பவுண்டுச் சுவர் திருடனுக்கே ஒழியக் குழந்தைக்கு அன்று.

அந்த வேலி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் ஆஸ்திரேலியர்கள் அங்குலம் அங்குலமாக வகுத்திருக்கிறார்கள். உயரம் குறைந்தது 1.2 மீட்டர்; கம்பிக்கும் கம்பிக்கும் இடையிலும், அடியில் தரைக்கும் வேலிக்கும் இடையிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் சந்து கூடாது; ஏறுவதற்கு உதவும் பூந்தொட்டி, நாற்காலி, மரக்கிளை எதுவும் பக்கத்தில் இருத்தலாகாது. நம் ஊரில் கிரில் என்றாலே குறுக்குக் கம்பியும் கொடியும் பூவுமாக வளைத்து அழகு செய்யும் பழக்கம் உண்டு. குழந்தைக்கு அது ஏணிப்படியாகிவிடும் என்பதால் இங்கே நெட்டுக்கம்பிகளே உத்தமம். கதவு தானே மூடித் தானே தாழ் விழ வேண்டும், தாழ் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கதவு குளத்துக்கு எதிர்ப்புறமாகத் திறக்க வேண்டும். பட்டாசு அறையின் கதவு வெளிப்புறமாகத் திறப்பது உள்ளே இருப்பவன் ஓடித் தப்புவதற்கு. குளத்தின் கதவு வெளிப்புறமாகத் திறப்பதோ, வெளியே நிற்கும் குழந்தை தன் உடல் பாரத்தால் தள்ளி உள்ளே விழுந்துவிடாமல் இருப்பதற்கு.

கண்ணுக்குத் தெரியாத அபாயம் ஒன்று குளத்தின் அடியில் இருக்கிறது. வடிகால் துவாரம் 20 சென்டிமீட்டர் விட்டமுடையது என்று கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 314 சதுர சென்டிமீட்டர். ஒரு குழந்தையின் உடல் அதை முழுதாக மூடிவிட, மோட்டார் அரை வளிமண்டல அழுத்தத்துக்கு உறிஞ்சுமானால், அந்த உடலைப் பிடித்திழுக்கும் விசை 150 கிலோவைத் தாண்டிவிடும். பலசாலி ஒருவராலும் அதைப் பிரித்தெடுக்க இயலாது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி 2002-இல் இவ்வாறே உயிரிழந்தாள். அவள் பெயராலேயே 2007-இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டு, பொதுக் குளங்களின் வடிகாலுக்கு அடைபடாத வகையிலான மூடிகள் கட்டாயமாயின. ஒரே துவாரத்துக்குப் பதில் சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு துவாரங்கள் அமைத்தால் ஒன்றை உடல் மறைத்தாலும் மற்றொன்று வழியே நீர் செல்லும், செலவு சொற்பமே. மோட்டாருக்கும் நீருக்கடி விளக்குக்கும் செல்லும் மின்சாரத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி இன்றிக் குளத்தில் இறங்கவே கூடாது.

சிவகாசிக்காரர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாக விளங்கக்கூடிய விஷயம் ஒன்றும் இதில் உண்டு. நீரைச் சுத்தப்படுத்தப் போடும் கால்சியம் ஹைப்போகுளோரைட், வெடியுப்பைப் போலவே பிராணவாயுவைத் தாராளமாக வழங்கி எரிதலைத் தூண்டும் இனத்தைச் சேர்ந்தது. அதன்மீது எண்ணெயோ பெயின்டோ சிந்தினால் தானாகவே தீப்பற்றக்கூடும்; அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்; குளத்துக்கென்றே விற்கும் வேறொரு வகைக் குளோரின் வில்லைகளோடு ஈரத்தில் கலந்தால் வெடிக்கவும் செய்யும். குளோரேட்டையும் கந்தகத்தையும் கலந்த வெடிபொருளை 1992 முதல் சர்க்கார் அடியோடு தடுத்திருப்பதன் காரணம் இங்கே பலருக்கு மனப்பாடம். ஆயினும் குளத்து ரசாயனத்தை மோட்டார் அறையில் ஆசிட் கேனுக்கும் பழைய எண்ணெய்த் துணிக்கும் பக்கத்திலேயே வைக்கிறோம். உலர்ந்த, பூட்டிய, தனி அலமாரி அதற்கு வேண்டும்.

இனி அனுமதியைப் பற்றி. விபத்து நேர்ந்த பிறகு விதி பிறப்பது நம் வழக்கம். மூடாத ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2010-இல் வகுத்த நெறிகள், தோண்டுவதற்கு 15 நாள் முன்னதாக அறிவிப்பு, சுற்றிலும் முள்வேலி, குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர் எழும்பும் சிமென்ட் மேடை என்று மிகத் துல்லியமானவை. இருந்தும் 2019 அக்டோபர் 25-இல் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படியொரு குழியில் விழுந்து, அவ்வருஷத்துத் தீபாவளி நாடெங்கும் துயரமாயிற்று. அளவு சொல்வது மட்டும் போதாது, நேரில் வந்து பார்க்கும் கண்ணும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் குளமுள்ள வீட்டை வாடகைக்கு விட வேண்டுமானால் வேலி சரியாக இருக்கிறது என்ற சான்றிதழைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டிலோ 2024 முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்றின் பேரில் உடனுக்குடன் அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால் அதிகாரி வந்து பார்க்காத அந்த அனுமதியில், நீரைப் பற்றிய கேள்விகள் படிவத்திலேயே இடம் பெறுவது இன்னும் அவசியமாகிறது.

என் அபிப்பிராயத்தில் மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் செய்யத் தக்கது கடினமானதன்று. குளத்தின் வரைபடத்திலேயே நான்கு பக்க வேலியும், கதவு திறக்கும் திசையும், தாழின் உயரமும், இரட்டை வடிகாலும் குறிக்கப்பட்டிருந்தாலன்றி அனுமதி தரலாகாது. முதன்முறையாக நீர் நிரப்புவதற்கு முன் பொறியாளர் ஒருவர் வந்து, கதவை முழுதாகத் திறந்து கையை எடுத்துவிட்டு, அது தானே மூடித் தாழ் விழுகிறதா என்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும். குளமில்லாத வீடுகளிலும் தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு உண்டா, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் மேலே இரும்பு வலையும் உண்டா என்பவை அதே படிவத்தில் கேட்கப்பட வேண்டும்.