காணும் கண்ணும் கருதும் மனமும்

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது நம் முதுமொழி. அச்சம் எழுவது மனத்தில். பேயைக் காண்பதோ கண். அப்படியாயின், மனநிலை பார்வையையே மாற்றுகிறதா? அல்லது கண்டதற்கு நாம் கொள்ளும் பொருளை மட்டும் மாற்றுகிறதா? உளவியலார் இவ்வினாவைச் சோதனைச் சாலைக்குக் கொண்டு சென்றனர்.

1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புரூனர், குட்மன் என்னும் இருவர், பத்து வயதுப் பிள்ளைகளிடம் நாணயங்களைக் கொடுத்து, ஓர் ஒளிவட்டத்தை அவற்றின் அளவுக்கு அமைக்கச் சொன்னார்கள். அதே அளவுள்ள அட்டை வில்லைகளைவிட நாணயங்களைப் பிள்ளைகள் பெரியனவாக மதித்தனர். வறிய வீட்டுப் பிள்ளைகளிடம் இம்மிகை கூடுதலாயிருந்தது. ஆயினும் பின்னர் இச்சோதனையைச் செய்த அனைவருக்கும் இதே முடிவு கிட்டவில்லை.

முதுகில் கனத்த பை சுமந்தவர்கள் குன்றின் சரிவைச் செங்குத்தாக மதிக்கின்றனர் என்று 1999-இல் பல்லா, பிராஃபிட் ஆகியோர் எழுதினர். 2009-இல் டர்ஜின் என்பவரின் குழுவினர் பைக்கு வேறு காரணம் கூறினர். தசையியக்கத்தை அளக்கும் கருவி அதில் இருப்பதாகச் சொன்னார்கள். அதை நம்பியவர்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை! சோதனையின் நோக்கத்தை ஊகித்தவர்களே சரிவை மிகைப்படுத்தினர். ஆகவே, காண்பது வேறு, கண்டதாகச் சொல்வது வேறு.

இவ்வேறுபாடு அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. ஆயுதத்தைக் கண்டு அஞ்சியவரின் பார்வை அதிலேயே பதிந்துவிடுவதால், ஏந்தியவரின் முகம் நினைவில் மங்கிப்போவதுண்டு. அவர் பொய்யர் அல்லர். எனினும் அவர் சொல்லை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்று துணிதல் தகுமா?

மனம் பார்வையைத் தொடுவது போலவே, பார்வையும் மனத்தைத் தொடுகிறது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் குறிப்புகளை உல்ரிக் என்பவர் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாட்களும், செங்கற்சுவரைக் கண்டவர்கள் 8.70 நாட்களும் தங்கினர். மரங்களைக் கண்டவர்களுக்குக் கடுமையான வலிநீக்கி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், ஆயினும் நோயாளியின் கட்டிலை எப்பக்கம் திருப்பிப் போடுவது என்று சிந்திக்க அது போதுமானது.