கொல்லைப்புறமும் குருவியும்

நுழையும்முன்

நகரங்கள் விரிவடையும்போது பறவைகளின் வாழிடம் சுருங்குகிறது. எனினும், வீடுகளைச் சுற்றியுள்ள சிறு நிலங்கள் ஒன்றோடொன்று இணைந்தால் அவையே வாழிடமாக மாறும். அவ்வாழிடத்தின் நிலையை அறிய அறிவியலறிஞர்களுடன் பொதுமக்களும் கைகோக்கின்றனர். இவ்விரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டின் பின்புற நிலத்தைத் தமிழர் கொல்லை, புழக்கடை, புறக்கடை எனப் பல பெயர்களால் வழங்கினர். கிணற்றடி நீர் பாயும் இடத்தில் வாழை வளர்ந்தது. முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியன அதன் அருகே நின்றன. வேலியில் நொச்சியும் கொடிகளும் படர்ந்தன. மனிதர் தம் தேவைக்காக வளர்த்தவை பறவைகளுக்கும் பயன்பட்டன. இன்று நகரங்களில் அந்நிலம் சிமெண்டுத் தரையாகவும் வேலி மதிற்சுவராகவும் மாறிவருகின்றன. இம்மாற்றத்தால் இழக்கப்படுவது நிழல் மட்டுமன்று. ஓர் உணவுச்சங்கிலியும் ஆகும்.

இலையும் புழுவும்

சிட்டுக்குருவி தானியம் உண்ணும் பறவை. தேன்சிட்டு பூந்தேன் பருகும் பறவை. ஆயினும், இவ்விரண்டும் தம் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் புழுக்களையுமே பெரிதும் ஊட்டுகின்றன. வளரும் குஞ்சுக்குப் புரதம் தேவை என்பதே இதற்குக் காரணம். எனவே, தட்டில் தானியமும் நீரும் வைப்பது மட்டும் போதாது. புழுக்கள் வாழத்தக்க இலைகளும் வேண்டும். கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றின் இலைகளை உண்டு சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளர்கின்றன. அயல்நாட்டு அழகுச்செடிகள் பலவற்றை உள்நாட்டுப் பூச்சிகள் நாடுவதில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் நகர்ப்பகுதியில் பொதுமக்களின் வீட்டுத்தோட்டங்களில் நிகழ்ந்த ஆய்வொன்று 2018ஆம் ஆண்டு வெளியானது. கரோலினா சிக்கடி என்னும் சிறுபறவையை அது ஆராய்ந்தது. உள்நாட்டுத் தாவரங்கள் 70 விழுக்காட்டிற்கு மேல் உள்ள தோட்டங்களில் மட்டுமே அப்பறவை தன் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொள்ள இயலும் என ஆய்வாளர் கண்டறிந்தனர். அவ்வளவீடு அப்பறவைக்கும் அந்நிலத்திற்கும் உரியது. ஆனால், மண்ணுக்குரிய செடி, அதை உண்ணும் புழு, புழுவை உண்ணும் குஞ்சு என்னும் தொடர்பு எந்நிலத்திற்கும் பொதுவானது.

கூடமைக்கும் முறையும் பறவைக்குப் பறவை வேறுபடுகிறது. தையல்சிட்டு அகன்ற இலைகளை நாரினாலும் சிலந்தி நூலினாலும் தைத்துக் கூடமைக்கும். குக்குறுவான் பட்டுப்போன கிளையைக் குடைந்து பொந்தாக்கும். ஆகவே, உலர்ந்த கிளையும் சிலந்தி வலையும்கூட ஒரு கொல்லையின் செல்வங்களே.

இணைந்த தோட்டங்கள்

ஒரு வீட்டின் தோட்டம் எவ்வளவு செழிப்பாயினும் ஒரு பறவைக்கூட்டத்திற்குப் போதுமானதன்று. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகப் புதருக்குப் புதர் தாவி இரை தேடும். நெடுந்தொலைவு பறக்கும் ஆற்றல் அவற்றிற்குக் குறைவு. இடையே மரமோ புதரோ இல்லாத நீண்ட வெளி அவற்றிற்குத் தடையாகிறது. ஒரு வீட்டின் வேம்பு, அடுத்த வீட்டின் முருங்கை, தெருமுனையின் புங்கம், பள்ளி வளாகத்தின் அரசமரம் என வரிசை அமையுமாயின், அவை ஆற்றைக் கடக்க உதவும் படிக்கற்கள்போல் விளங்கும். அவ்வரிசையில் ஒரு மரம் வெட்டப்பட்டால் இழப்பு அவ்வீட்டோடு முடிவதில்லை. இருபுறமும் உள்ள தோட்டங்களும் தனித்தீவுகளாகின்றன.

மக்கள் அறிவியல்

தனியார் வளாகங்களுக்குள் வாழும் பறவைகளைச் சில ஆய்வாளர் மட்டும் கணக்கெடுத்தல் இயலாது. அப்பணியை அங்கு வாழும் மக்களே செய்வது மக்கள் அறிவியல் எனப்படும். கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது. 2013 முதல் இந்தியாவிலும் பிப்ரவரித் திங்களில் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையையொட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நிகழ்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, காணும் பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, இபேர்டு என்னும் இணையத்தளத்தில் பதிவேற்றுவதே இதன் முறை.

இப்பதிவுகளின் பயன் பெரிது. சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்துவருகிறது என்பது பலரின் நம்பிக்கை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020இல் வெளியான அறிக்கை, மக்கள் அளித்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக்கொண்டு 867 பறவையினங்களை ஆராய்ந்தது. நாடு முழுவதும் நோக்கினால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக உள்ளது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களிலோ குறைந்துள்ளது என அது தெளிவுபடுத்தியது. எங்குக் குறைகிறது என்று அறிந்தால்தான் எங்குக் காக்க வேண்டும் என்று முடிவுசெய்ய இயலும்.

தெரிந்து தெளிவோம்

கணக்கெடுப்பில் அரிய பறவைகளை மட்டும் குறித்தல் பிழையாகும். காக்கை, மைனா, புறா உள்ளிட்ட அனைத்தையும் குறித்தால்தான் பட்டியல் முழுமை பெறும். முழுமையான பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லாமையும் ஒரு செய்தியே.

நாள்தோறும் காணும் பறவை நாளையும் வரும் என்று எண்ணுவது இயல்பு. அதனாலேயே அதன் மறைவு எளிதில் புலப்படுவதில்லை. மண்ணுக்குரிய ஒரு செடியை நடுவதும், அதில் வந்தமரும் பறவையை நாளும் நேரமும் இட்டுக் குறித்துவைப்பதும் பள்ளி மாணவர்க்கும் எளிதில் கைகூடும் செயல்கள். முன்னது பறவைக்கு வாழிடம் தரும். பின்னது அப்பறவை குறையத் தொடங்கும்போதே அதை உலகறியச் செய்யும்.