கொறங்காட்டில் சாளை கட்டுவோர் கவனத்திற்கு

பங்கு பிரிந்தபின் தோட்டத்திலேயே சாளை கட்டிக் குடியேறுவது கொங்கு நாட்டில் நெடுநாள் வழக்கம். பெருந்துறை, சென்னிமலை பக்கத்து மானாவாரிக் குடும்பங்களில் இளையவருக்குப் பங்காக வருவது சில நேரங்களில் கொறங்காடாக இருக்கும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், அடியில் கொழுக்கட்டைப் புல். வறட்சியிலும் ஆடு மாடுகளுக்கு வயிறு நிறைவது இதனால்தான். வீடு எழும்பும்போது இந்தக் காடு அழிந்துவிட்டால் பட்டியையும் விற்க வேண்டியதுதான்.

மூன்று ஏக்கர் கொறங்காடு என்று வைத்துக் கொள்வோம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு இரண்டரை சென்ட் கூடத் தேவையில்லை. வாசல், கட்டுத்தரை, போர் எல்லாம் சேர்த்துப் பத்து சென்ட் போதும். ஆனால் பார்வையாக இருக்கட்டும் என்று நடுக்காட்டில் கட்டினால், வண்டித்தடம் காட்டை இரண்டாகப் பிளக்கும். மாற்றி மாற்றி மேய்க்க முடியாது. ஆகவே இட்டேரியை ஒட்டிய மேட்டு மூலையே ஏற்றது. அங்கே ஓடக்கல் மிகுந்து புல் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. கடைக்காலுக்கும் அது உறுதியான இடம். நீரோட்டமுள்ள பள்ளத்தை விட்டுவிட வேண்டும். வேலியில் வண்டி நுழையும் அளவுக்கு ஒரு கடவு வைத்தால் போதும். எடுத்த கிளுவைப் போத்துகளை மழைக்காலத்தில் வேலிச் சந்துகளில் நட்டுக் கொள்ளலாம்.

அடுத்தது காற்று. ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று விடாமல் வீசும் பகுதி இது. காற்றில் சாயும் மரம் கிழக்கே விழும். எனவே வீட்டுக்கு மேற்கே உள்ள மரத்துக்கும் சுவருக்கும் இடையே, மரத்தின் உயரத்தைப் போல ஒன்றேகால் பங்கு இடைவெளி இருத்தல் வேண்டும். கோடையில் மாலை நாலு மணிக்கு மேல் அதன் நிழல் அங்கிருந்தே சுவரை எட்டிவிடும், வெட்டத் தேவையில்லை. கட்டுத்தரையை வீட்டுக்குக் கிழக்கே அமைத்தால் அந்த மாதங்களில் வாடையும் ஈயும் வீட்டுக்குள் வராது. அடுப்படியைத் தென்கிழக்கில் வைக்கச் சொன்ன பெரியவர்கள் இந்தக் காற்றைத்தான் மனதில் வைத்தார்களோ என்னவோ, புகை வெளியே போய்விடுகிறது. ஆனால் வெந்நீர் அடுப்புக்கு நேர் கிழக்கே சோளத்தட்டுப் போர் போடுவது ஆபத்து. ஒரு பொறி போதும்.

மரம் வெட்ட நேர்ந்தால் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்துவிட வேண்டும். பலர் மேலோடு அறுத்துவிட்டு அதன் மேல் மண் நிரப்பித் தளம் போடுகிறார்கள். கரையானுக்கு இதைவிட விருந்து வேறில்லை. மட்கும் வேரில் பெருகி, சில ஆண்டுகளில் நிலவுக்கே ஏறிவிடும். தளத்துக்கு நிரப்பும் மண்ணிலும் சருகு, சுள்ளி இருத்தல் கூடாது. முன்பு கரையானுக்கு ஊற்றிய ஆல்ட்ரின் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. இப்போது அனுமதியுள்ள மருந்தானாலும் கிணற்றோரம் ஊற்றக் கூடாது.

வெட்டிய வேம்பும் வெள்வேலும் வீணாக வேண்டியதில்லை. பட்டையை உரித்து, நிழலில், தரையில் படாமல் இடைக்கட்டை வைத்து அடுக்கி ஆறு மாதமாவது காயவிட்டு, கதவு, சன்னலுக்குப் பயன்படுத்தலாம். வெளிப்பக்கத்து வெளிறிய கட்டையை வண்டு துளைக்கும். வைரம் பாய்ந்த நடுப்பகுதியே உழைக்கும். பனை மட்டும் வேறு விஷயம். 2021-ஆம் ஆண்டு அரசு அறிவிப்பின்படி பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் முன்கூட்டியே போட வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் கிடைக்கும். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் பெய்தாலே, சேதாரம் போக 40 ஆயிரம் லிட்டருக்குக் குறையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்து, மிகுதியைக் கிணற்றோரக் குழியில் இறக்கலாம். கக்கூசுத் தொட்டி கிணற்றிலிருந்து 60 அடிக்குக் குறையாமல், தாழ்ந்த பக்கத்தில் இருக்கட்டும். செம்மண்ணிலும் பாறை வெடிப்பிலும் கழிவு விரைவாக இறங்கும். கிணற்று நீர் உப்பாக இருந்தால் அதைக் கான்கிரீட்டுக்கு ஊற்றுதல் ஆகாது, கம்பி துருப்பிடிக்கும்.

அஸ்திவாரம் தோண்டுமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைப் பார்த்து, ஓடைப் புறம்போக்கும் பாதையும் எங்கே வருகின்றன என்று தெரிந்து கொள்ளுங்கள். கட்டட வரைபடத்துக்கு ஊராட்சியில் அனுமதி பெற வேண்டும். கிணற்று மோட்டாரின் இலவச மின்சாரத்தில் வீட்டுக்கு ஒயர் இழுப்பது குற்றம். தனி இணைப்பு வாங்கியாக வேண்டும்.

குடிபோன முதல் மழைக்காலத்தில் கண்ணாடி விரியனிடம் எச்சரிக்கை தேவை. வீட்டைச் சுற்றி இருபதடிக்குப் புல்லை ஒட்ட அறுத்து, விறகை அந்த எல்லைக்கு வெளியே அடுக்கி, இரவில் கட்டுத்தரைக்குப் போகையில் டார்ச் எடுத்துச் செல்ல வேண்டும். கடித்துவிட்டால் கீறுவதோ கட்டுவதோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், நேராகப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.